சட்டி மேளத்தில் ஒரே ஒரு அடி

டில்லிபாபு பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பட்டினப்பாக்கத்தில் அவன் தட்டி உடைக்காத பக்கெட் கிடையாது. மயிலாப்பூரில் இசைக்குழு நடத்தும் ஜெயலக்ஷ்மி அக்கா சொல்லியிருந்தார்: "உங்க ஏரியா சட்டி மேளத்த லேப்டாப்ல ஏத்தி எடுத்துட்டு வா. லேப்டாப்போட சேத்த ரப்பர் பேட்ல குச்சியால தட்டினா அந்தச் சத்தம் வரணும். வந்துச்சுன்னா நீதான் எங்க பேட் பிளேயர்."

மேளத்துக்கு ஆள் வீட்டிலேயே இருந்தார். மாமா வடிவேலு, ஊர்வலங்களில் சட்டி மேளம் அடித்தே பிழைப்பவர். டில்லி ரெக்கார்டிங்கைப் போட்டுப் போனை நீட்டி, "மாமா, ஒரே ஒரு அடி. அது அடங்குற வரைக்கும் சும்மா இரு" என்றான்.

ணங்! கூடவே ணகுணகு ணங்கென்று கை ஓடியது.

"ஒண்ணுதான கேட்டேன்!"

"ஒண்ணுல நிறுத்துனா கை கோச்சிக்கும் நைனா. மீதிய யாரு அடிப்பா?"

எத்தனை தடவை எடுத்தாலும் இதே கதை.

லேப்டாப்பில் ஏற்றினால் அது வாயே திறக்கவில்லை. அதற்கு 'வேவ்' என்கிற வகை ஃபைல்தான் வேண்டுமாம். ஃபைல் பெயரின் வாலில் 'வேவ்' என்று மாற்றி எழுதினான். அப்போதும் ஊமை. எதிர்வீட்டு நிஷாவிடம் ஓடினான்.

"பேர மாத்திட்டா ஃபைல் மாறிடுமா? உன் பேர கலெக்டர்னு மாத்திக்க, கார் வருதா பாக்கலாம்" என்று சிரித்துவிட்டு, ஃபைலையே மாற்றித் தரும் ஆப்பைக் காட்டினாள்.

சத்தம் வந்தது. இனி வெட்ட வேண்டும். இரண்டாவது அடிக்கு முன்னால் வெட்டினால் 'ண' மட்டும் மிஞ்சியது. 'ங்' போயே போச்சு. வெட்டாமல் விட்டால் மாமாவே முழுசாக வந்து நின்றார். வெட்டினதைக் கேட்டால் வெட்டாதது நன்றாக இருந்தது. வெட்டாததைக் கேட்டால் மாமாவின் வாசிப்பைத் திருடின மாதிரி இருந்தது. மண்டை காய்ந்து, இரண்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

அக்கா வீட்டு மாடியில் முதல் பேடைத் தட்டினான். பொத்.

"இது மேளமா, தலகாணியாடா?"

அடுத்ததைத் தட்டினான். ணங் ணகுணகு ணங்! குச்சி பட்டது ஒரு தடவைதான். கீபோர்டுக்காரர் தோளைக் குலுக்கி ஆடவே ஆரம்பித்துவிட்டார்.

"யாருடா அடிக்கிறது?" என்றார் அக்கா.

பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஏனோ வெளியே வரவில்லை. "எங்க மாமா, அக்கா."

"அவர மொதல்ல கூட்டிட்டு வா. உன்ன அப்புறம் பாக்கலாம்."

மாமா தெருமுனையிலேயே காத்திருந்தார். "இன்னாடா, எடுத்துக்கினாங்களா?"

"எடுத்துக்கினாங்க. உன்ன."

"என்னயா? எனக்கு அந்த ரப்பர்லாம் தட்டத் தெரியாதேடா!"

சிரிப்பதா, கோபப்படுவதா என்று டில்லிக்கு விளங்கவில்லை. வீட்டுக்குள் போய் மாமாவின் நல்ல சட்டையைத் தேடி எடுத்தான். அவரைத் திட்டிக்கொண்டே இஸ்திரிக் கடைக்கு நடந்தான்.