புள்ளி வைக்கிற தயாளினி

முதலில் பெட்டிகளைத்தான் எண்ணுவாள். யார் கொண்டுவந்த கோப்பாக இருந்தாலும் சரி, திறந்தவுடன் தயாளினி எழுத்தை வாசிப்பதில்லை. பென்சிலின் பின்பக்கத்தைத் திரையில் வைத்து, எழுத்து வராமல் வெறும் சதுரமாக நிற்கிற இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போவாள். "இந்தப் பக்கத்திலை மட்டும் பதினேழு சவப்பெட்டி" என்று அறிவிப்பாள். வந்தவர் செத்தவீட்டு நினைவு மலருக்காக வந்தவர் என்றால் முகம் சுளிப்பார். தயாளினிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவளுடைய கொமினிக்கேசன் கடை. போட்டோக்கொப்பி, அடையாள அட்டைப் படம், கலியாணக் கார்ட் எல்லாம் அங்கே நடக்கும். ஆனால் நெல்லியடியிலிருந்துகூடச் சங்கீத ஆசிரியர்கள் பஸ் ஏறி வந்து அந்தச் செங்குத்துப் படிகளில் மூச்சு வாங்குவது வேறொன்றுக்காக. சுரம் எழுதுகிற மென்பொருள் ஒன்று ஒருகாலத்தில் இங்கே கைக்குக் கை பரவியது. ஸ, ரி, க, ம எழுத்துகளை மேலே புள்ளி வைத்தும் கீழே புள்ளி வைத்தும் எழுத அது தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. மேலே புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயியில் பாட வேண்டும், கீழே இருந்தால் கீழ் ஸ்தாயியில். புள்ளியே இல்லாவிட்டால் நடுவில். அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் திறந்தால், புள்ளி வைத்த சுரமெல்லாம் பெட்டியாகிவிடும். எந்தப் பெட்டிக்குள் எந்தச் சுரம் கிடக்கிறது என்பதை ஒரு சீ.ஆர். கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறாள். அந்தக் கொப்பியை யாருக்கும் கொடுக்கமாட்டாள்.

"பெட்டி பரவாயில்லை. பிழை எண்டு அதுவே வாய் திறந்து சொல்லுது. பெட்டியே இல்லாமல் வடிவா வந்து நிக்கிற எழுத்திருக்கே, உவன்தான் கள்ளன்" என்பாள்.

வாய் கொஞ்சம் பொல்லாதது. பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பிளேன்ரீ குடிப்பவளின் பேச்சில் அந்த இனிப்பு ஒரு துளியும் இருக்காது. "தங்கச்சி, கெதியா முடியுமோ?" என்று கேட்ட ஓய்வுபெற்ற அதிபரிடம், "கெதியா வேணுமெண்டால் போன மாதம் வந்திருக்கவேணும் சேர்" என்றாள். வயது நாற்பத்து மூன்று. ஏன் கலியாணம் செய்யவில்லை என்று கேட்பவர்களுக்குப் போட்டோக்கொப்பி மெசினைக் காட்டுவாள். "உந்த ஒண்டையே என்னாலை சமாளிக்கேலாமல் கிடக்கு."

சுரம் பார்க்கும்போது மட்டும் ஆள் அடங்கிப்போவாள். மடியில் இரண்டு விரல்கள் தன்பாட்டில் அசையும், இல்லாத தந்தியை மீட்டுவதுபோல. அந்தப் பழக்கம் நாகேஸ்வரி ரீச்சர் கொடுத்தது.

பதினைந்து வயதில், பாடசாலைப் போட்டிக்கு அவளைப் பாடப் பழக்கியவர் அந்த ரீச்சர்தான். பாட்டும் ரீச்சர் இயற்றியது, பிள்ளையார் மேல். அனுபல்லவியில் மேல் ஸாவைத் தொடுகிற இடத்தில் தயாளினியின் குரல் உடைந்தது. ரீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். இருபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உன்ரை தொண்டைக்கு உது ஏறாது. எழும்பிப் பின்னுக்குப் போய்த் தம்புராவைப் பிடி" என்றார். மூன்று வருடம் அவள் பின்னுக்கிருந்து தம்புரா மீட்டினாள். முன்னுக்கிருந்து பாடியவர்களின் பின்னல்களைப் பார்த்துப் பார்த்தே ரீச்சரின் பன்னிரண்டு பாட்டும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. அதற்குப் பிறகு யார் காதிலும் விழ அவள் பாடியதில்லை. அந்த நாளை அவள் மன்னித்திருப்பாள் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்குத் தயாளினியைத் தெரியாது.

இந்த வருடம் ரீச்சர் காலமானார். கனடாவிலிருந்து வந்த மகள் உதயகலா, முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போட வேண்டும், அம்மாவின் பன்னிரண்டு பாட்டும் சுரத்தோடு அதில் வர வேண்டும் என்று பென்டிரைவோடு படியேறினார். தயாளினி திறந்தாள். பென்சிலால் தட்ட ஓர் இடமும் இருக்கவில்லை. ஒரு பெட்டிகூட இல்லை.

"அக்கா, உதை ஆர் மாத்தினது?"

"நான்தான் தயா. என்ரை லப்ரொப்பிலை பெட்டி பெட்டியாக் கிடந்தது. இன்ரநெற்றிலை போட்டுப் புது எழுத்துக்கு மாத்தினன். பாரும், என்ன வடிவா வந்திருக்கு!"

"பழைய பைல்?"

"அதுக்கு மேலைதான் சேவ் பண்ணினன். இனி ஏன் அது?"

ரீச்சரின் கணினியும் கொப்பிகளும் எங்கே என்று கேட்டாள். வீட்டை விற்கவென்று காலி செய்தபோது எல்லாம் பழைய சாமான்காரனோடு போய்விட்டதாம். ஆக, எழுத்தை மாற்றியதில் பன்னிரண்டு பாட்டிலும் ஒரு புள்ளி மிச்சமில்லை. ஏற வேண்டிய சுரமும் இறங்க வேண்டிய சுரமும் ஒரே தரையில் படுத்துக் கிடந்தன.

"புள்ளி இல்லாமல் உதைப் பாடேலாது அக்கா."

"ஆர் தயா பாடிப் பாக்கப் போயினம்? சனம் அம்மாவின்ரை படத்தைப் பாத்திட்டு மேசையிலை வைச்சிடும். உப்பிடியே அச்சடியும்."

உதயகலா சொன்னதில் பொய் இல்லை. அவர் படியிறங்கிப் போன பிறகு தயாளினி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறைப்பானேன், அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. ரீச்சரின் பாட்டெல்லாம் இப்போது அவளுடைய தொண்டைக்குள் அடங்குகிற உயரத்தில் கிடந்தன. அவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, பேசாமல் இருந்தாலே போதும். அச்சில் ஏறிவிட்டால் அதுதான் பாட்டு. இருந்தும், கடமைக்கு ஒரு கேள்வி கேட்டு வைப்போம் என்று, அந்த நாளில் முன்வரிசையில் இருந்து பாடிய ஆரபிக்கு லண்டனுக்குப் போன் எடுத்தாள்.

"ஐயோ தயா, உதெல்லாம் ஆருக்கு ஞாபகம்? எனக்குப் பல்லவியே வருகுதில்லை" என்று ஆரபி சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு இவளுடைய சந்தோசம் போய்விட்டது. தொண்டை இருந்தவளுக்கு ஒரு வரி ஞாபகமில்லை. தொண்டை இல்லையென்று எழுப்பி அனுப்பப்பட்டவளிடம் பன்னிரண்டு பாட்டும் பத்திரமாக இருக்கின்றன. கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டுப் புள்ளி வைக்கத் தொடங்கினாள்.

இரண்டு பகல் பிடித்தது. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் பாடிப் பார்த்தால்தான் புள்ளி எங்கே என்று பிடிபட்டது. மேல் ஸ்தாயி வருகிற இடமெல்லாம் குரல் தகரத்தில் ஆணி இழுத்தது போல வந்தது. போட்டோக்கொப்பி எடுக்க வந்த ஒருவர் பாதிப் படியோடு திரும்பிப் போனார். ரியிலும் நியிலும் புள்ளி எழுத்தின் மேற்கொக்கியில் மோதியது, ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தாள். பதினொரு பாட்டுக்கு எண்ணூற்றுச் சொச்சம் புள்ளி. ஒன்றும் பிழையாகவில்லை.

கடைசியாகப் பிள்ளையார் பாட்டுக்கு வந்தாள். பல்லவி முடிந்து அனுபல்லவியில் அந்த ஸா வந்தது. அதன் மேலே ஒரு புள்ளி உண்டு என்பது இப்போது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வைத்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். சரியான இடத்தில்தான் நின்றது.

அழித்தாள். அந்த வரியைப் புள்ளியில்லாமல், நடு ஸாவில், தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருமுறை பாடினாள். குரல் உடையவில்லை. பிறகு, இனி யாரும் கைவைத்துத் திருத்த முடியாதபடி எழுத்துகளையெல்லாம் படமாக்கி, அச்சகத்துக்கு அனுப்பினாள்.