மாட்டுங்கா வீட்டில் அழுத சுவர்

துப்பறியும் ஆபீஸில் என் வேலை பெரும்பாலும் கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை சொன்ன உத்தியோகம் நிஜமா, குடிப்பாரா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து ரிப்போர்ட் கொடுப்பேன். மும்பையில் நான் இருந்த தாராவிக்குப் பக்கத்திலேயே ஒரு பேய் கேஸ் வரும் என்று நினைத்ததில்லை.

மாட்டுங்காவில் பழைய மாடி வீடு. அதில் அலமேலு மாமி தனியாக இருந்தார். புனேயில் இருந்த மகன் ரகு வீட்டை விற்க நினைத்தார். ஆனால் வாங்க வருகிறவர்கள் ஹாலில் உட்கார்ந்ததும், பூட்டிய மாடி அறையிலிருந்து யாரோ விம்மி அழும் சத்தம் வரும். ஓடிவிடுவார்கள். வீட்டை மலிவாக வாங்க எவனோ பில்டர் ஆள் வைத்து மிரட்டுகிறான், பிடித்துக் கொடுங்கள் என்று ரகு எங்கள் பாஸிடம் வந்தார்.

வீடு வாங்குகிறவள் போலப் போனேன். மழைக்கால மதியம், ஹாலில் பாதி இருட்டு. மாமி காபி போட உள்ளே போனார். சற்று நேரத்தில் மாடியில் அழுகை. கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி, மாமியிடம் சாவி வாங்கிக்கொண்டு மேலே போனேன். ஆளும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. மாமியின் காலமான கணவர் சேர்த்த பழைய லண்டன் துப்பறியும் கதைகள்தான் அலமாரி நிறைய. அட்டையெல்லாம் பாழடைந்த மாளிகையும் பனிமூட்டமும். ஒன்றிலும் தூசி இல்லை.

கீழே மாமி நிதானமாகக் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த நிதானம்தான் எனக்கு உறுத்தியது. இன்னொரு காபி நானே போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய்க் குழாயைப் பாதி திறந்தேன். சுவருக்குள் பழைய பைப் அதிர்ந்தது. மாடியில் பேய் அழ ஆரம்பித்தது.

மாமி பின்னால் வந்து நின்றார். "முழுசாத் திறந்தா அழாது. பாதிதான் திறக்கணும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் கேஸ் கொடுத்தவர் ரகு. நான் ரிப்போர்ட் எழுதுவதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். மாமி அங்கேயே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். அம்மா தனியாக இருக்கப் பயப்படுவாள் என்றுதான் ரகு விற்கவே நினைத்தாராம்.

"வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"நீ கேக்கவே இல்லையேடா."

விற்பனை நின்றது. குற்றவாளி யார் என்று எழுதுவது எனப் பாஸ் தலையைச் சொறிந்தார். தேய்ந்துபோன குழாய் வாஷர் என்று எழுதினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேய் வீட்டுக்குப் போனால், யார் பயப்படவில்லை என்று பாருங்கள். கண்டுபிடித்ததும் கிளம்பிவிடாமல், ஏன் என்றும் கேளுங்கள்.