வேப்பமரத்து வளையத்தில் எம்.எல்.ஏ. போட்ட பந்து

போன வாரம் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அண்ணன் ஆரோக்கியம் காய்ச்சலில் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது... பேனாவை எடுத்தால் அழுகைதான் வந்தது. இந்த வாரம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஏன் தெரியுமா?

எங்கள் ஆவூர் வீட்டு வேப்பமரத்தில் அண்ணன் ஒரு பீப்பாய் வளையத்தை அடித்து வைத்திருந்தான். பாஸ்கட்பால் பைத்தியம்! எங்கள் எம்.எல்.ஏ. திருச்சி காலேஜில் பெரிய ஆட்டக்காரராம். எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் அவரேதான் ஜெயிக்கிறார். அண்ணனுக்கு அவர்தான் எல்லாம்.

"அதப் பாத்தாலே வயிறு எரியுது, கழட்டிருங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா கடப்பாரையோடு மரத்தடிக்குப் போனார். வளையமும் போனால் அண்ணன் இன்னொரு தடவை போகிற மாதிரி இருந்தது எனக்கு.

"வேணாம்ப்பா..." கையைப் பிடித்துத் தொங்கினேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப். துக்கம் கேட்க எம்.எல்.ஏ.! ஆளைப் பார்க்குமுன் வளையத்தைப் பார்த்துவிட்டார்.

"யாரும்மா வச்சது?"

"எங்கண்ணங்க. ஒங்கள மாதிரி ஆடணும்னு..."

அவர் சட்டைக் கையை மடித்தார். மூலையில் கிடந்த அண்ணனின் பந்தை எடுத்துப் போட்டார். விழவில்லை. மறுபடி — விழவில்லை. அடுத்தது கோழிக்கூண்டில்! கூட வந்த கட்சிக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

"எம்புள்ள போட்டா விழும்."

அம்மா! இத்தனை நாள் யார் வந்தாலும் வாயே திறக்காத அம்மா!

"நீங்க காலேஜுல என்னத்தங்க ஆடுனீங்க?"

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. எம்.எல்.ஏ.வோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்ப நீங்க போட்டுக் காட்டுங்க ஆத்தா!"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். அண்ணன் மாதிரியே ஒரு குதி குதித்து எறிந்தாள். பந்து வளையத்தின் பக்கமே போகவில்லை. கட்சிச் செயலாளர் தலையில் தொம்! துண்டு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"அந்தக் கடப்பாரைய அங்கிட்டுப் போட்டுட்டு அய்யாவுக்கு மோர் கொண்டாங்க. வளையம் இருக்கட்டும்."

துக்கம் கேட்க வருகிறவர்கள் ஏன் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே வருகிறார்கள்? கொஞ்சம் தோற்றுவிட்டுப் போனால் என்ன?

கிளம்பும்போது எம்.எல்.ஏ. கேட்டார். "ஆத்தா, ஓட்டு எனக்குத்தானே?"

"மொதல்ல பந்தப் போட்டுப் பழகிட்டு வாங்க. பாப்போம்!"

அம்மாவுக்காக வேண்டுமென்றே தவறவிட்டாரோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். எனக்கு இல்லை... நேற்று ஜீப் மறுபடி வந்தது — சொந்தப் பந்தோடு!