மூட்டை நுழைந்த கதவு

என் வீட்டுக்காரருக்கு முதுகு போன பிறகுதான் பேலட் என்ற சொல்லே எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதுவரை செஞ்சியில் நெல் ஏலம் போடுகிற கமிட்டியில் மூட்டை ஏற்றி, திறந்த மினி லாரியில் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தார். ஓட்டுவதும் அவரே, தூக்குவதும் அவரே. முதுகில் ஜவ்வு விலகிவிட்டது, ஓட்டலாம், ஆனால் இனி ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலும் படுத்த படுக்கைதான் என்றார் டாக்டர். தூக்காத லோடு வேலை உலகத்தில் எங்கே இருக்கிறது என்று நான் அவரிடமே சண்டைக்குப் போனேன்.

இருந்தது. திண்டிவனம் சாலையில் ஒரு பிஸ்கட் கம்பெனி. பெட்டிகளை மரப்பலகை மேடை ஒன்றின்மேல் அடுக்கிக் கட்டியிருப்பார்கள், அதுதான் பேலட். ஃபோர்க்லிஃப்ட் என்ற தூக்கு வண்டி அதை அப்படியே எடுத்து வேனுக்குள் வைத்துவிடும். இறக்குகிற இடத்திலும் அப்படித்தான். டிரைவர் கையே வைக்க வேண்டாம். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மூடுன வேனா இருக்கணும்மா. நனையக் கூடாது. பேலட் உள்ள போவணும், அவ்ளோதான்" என்றார் சூப்பர்வைசர்.

லாரியை விற்றோம். மேல்சித்தாமூரில் ஒரு மளிகை வியாபாரி தன் வேனைக் கொடுக்கிறார் என்று தெரிந்து போனோம். எங்கள் பக்கம் வண்டி வாங்குகிறவர்கள் டேப் பிடிப்பதில்லை, மூட்டை போட்டுத்தான் பார்ப்பார்கள். கம்பெனி வாசலில் கிடந்த பேலட்டைப் பார்த்து, 'ரெண்டு மூட்டை அகலம்' என்று இவர் கண்ணாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். கூட வந்த கமிட்டி ஆட்கள் இரண்டு நெல் மூட்டைகளைச் சேர்த்துப் பின்கதவு வழியாகத் தள்ளினார்கள். உள்ளே போய்விட்டன.

"இன்னா யோசன? முடிச்சுடுபா" என்றார்கள். முடித்துவிட்டோம்.

முதல் லோடுக்கு நானும் கூடப் போனேன். ஃபோர்க்லிஃப்ட் பேலட்டைத் தூக்கி வந்து பின்கதவில் வைத்தது. டக்கென்று இடித்து நின்றது. திருப்பி வைத்தார்கள், மறுபடியும் இடித்தது. உள்ளே இடம் தாராளமாக இருந்தது. கதவுச் சட்டம்தான் குறுகல். நெல் மூட்டை நசுங்கிக் கொடுத்து உள்ளே போயிருக்கிறது. பேலட் எங்கே நசுங்கும்? இவர் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"பெட்டியப் பிரிச்சு கையால ஏத்துறீங்களா, வேற வண்டியக் கூப்டட்டா?" என்றார் சூப்பர்வைசர். வேறு வண்டி என்றால் அந்த வேலை எங்களுக்கு இல்லை.

பெட்டிகளை ஏற்றித் தர வரச் சொல்லலாம் என்று கமிட்டி ஆட்களுக்குப் போன் அடித்தேன். அறுவடை நேரம், யாரும் எடுக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் பெட்டியில் கை வைத்தேன். செக்யூரிட்டி ஓடி வந்தான்.

"லேடீஸ் லோடிங் பக்கம் வரக் கூடாதும்மா. ரூல்."

"எங்க வூட்ல குடம் தூக்குறது யாரு, உன் ரூலா?" என்று கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. என்னைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் என் பல்லைக் கடித்துக்கொண்டேன். "வேணாங்க, வந்துடுங்க, பிச்சை எடுத்துப் பொழைச்சிக்கலாம்" என்று கூவினேன். அவர் திரும்பவே இல்லை.

வேன் நிரம்பியதும் கேட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டார்கள். "நாளைக்கும் காலைல வந்துடுங்க" என்று சூப்பர்வைசர் நல்ல விதமாகத்தான் சொன்னார். இவர் தலையாட்டிவிட்டு, வண்டியைப் பிடித்துக்கொண்டே முன்பக்கம் நடந்தார். கைப்பிடியைப் பிடித்தார். காலைத் தூக்கப் பார்த்தார். கால் எழும்பவில்லை.

"நீ ஏறி ஒக்காரு, வந்துட்றேன்" என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

நான் சுற்றிப்போய் என் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் பக்கக் கதவு திறந்தே இருந்தது. வெகுநேரம் அவர் ஏறவில்லை.