அதே படி

மார்கழிக் குழாயடியில் என் விரல்கள் வெளுத்தன, பிறகு நீலமாயின. குளிர் என்று நினைத்தேன். பங்குனியிலும் வெளுத்தன.

மூச்சு வாங்கத் தொடங்கியபோது காசநோய் என்றார்கள். சளியில் கிருமி இல்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், விரல் தோலைக் கிள்ளிப் பார்த்த டாக்டர்தான் ஸ்கிளிரோடெர்மா (தோலை இறுக்கி, உள்ளுறுப்புகளையும் இறுக்கும் நோய்) என்றார். நுரையீரலில் தழும்பு ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) எழுதிக் கொடுத்தார்.

சில வாரங்களில் என் கன்னங்கள் உப்பின. கண்ணாடியில் யாரோ செழிப்பான ஆள்.

ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு முனுசாமி, நான் வேலை பார்க்கும் ஷாப்பில் ஃபிட்டர், வாசலிலேயே கத்தினார். "இன்னா அண்ணாத்தே, மூஞ்சி பூரி கணக்கா உப்பிகினு கீது! ஆஸ்பத்திரில நெய்ச்சோறா போட்றாங்க?"

கண் பட்டுவிடும் என்று என் மனைவி கனகம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி ஏறியது. மூவரும் இருமினோம்.

"பார்த்தீங்களா, நெடி வருது! திருஷ்டியே இல்லை. உடம்பு தேறிடுச்சு, இனி எதுக்குங்க மாத்திரை?" என்றாள் கனகம்.

திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பது எங்கள் நம்பிக்கை. இருவரும் சிரித்தார்கள். அவர்கள் இருமல் நின்றது. என்னுடையது நிற்கவில்லை. கனகத்தின் சிரிப்பு மெல்ல அணைந்தது. நான் தேறுகிறேனா, தேய்கிறேனா?

டாக்டரிடம் கேட்டேன். "முகம் மருந்தோட வேலை. அதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. ஸ்டேஷன் மேம்பாலம் ஏறுறப்போ மூச்சு வாங்கி நிப்பேன்னு சொன்னீங்களே, இப்போ எந்தப் படியில நிக்கிறீங்க?"

"நடுவில், பெயின்ட் உரிந்த கைப்பிடி அருகே."

"போன தடவை வந்தப்போ?"

"அங்கேதான்."

"அப்போ மருந்து நோயைப் பிடிச்சு நிறுத்துது போல."

"போலவா?"

"போலதான். போன நுரையீரல் திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கிறோம்."

இதே மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இதைவிடத் தெளிவான சொல் இல்லை.

இப்போதெல்லாம் என் காலை தொழிற்சாலைச் சங்கொலியில் தொடங்குவதில்லை. அந்தப் படியில் தொடங்குகிறது. ரயில் வருகிறது, போகிறது. என் மூச்சு எனக்குப் பின்னால் ஏறி வருகிறது.

நேற்று என்னைத் தாண்டிப் படியேறி ஓடிய முனுசாமி திரும்பிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, இங்கியே நின்னுகினு கீறே?"

"அதே படி, முனுசாமி! அதே படி!" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.