மண் அப்பிய கால்களும் என் வைரல் காய்ச்சலும்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு வைரல் காய்ச்சல். கோர்ட்டில் அப்படிச் சொல்வதாகத்தான் வக்கீலோடு ஏற்பாடு.

உண்மையில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தேன். பக்கத்து மனைக்காரர் என் மேல் போட்ட காம்பவுண்ட் சுவர் வழக்கு அது. சுவர் அவர் இடத்துக்குள் இரண்டடி போயிருப்பது எனக்கே தெரியும். வேறென்ன வழி? வாய்தா மேல் வாய்தா... மூன்று வாங்கியாயிற்று.

வக்கீலிடம் ஒரு கையெழுத்துப் போடத்தான் போடி கோர்ட்டுக்குப் போனேன். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். வேடிக்கை பார்க்கும் ஆசை விடுமா? மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. பெயர் ஈஸ்வரியாம். முழங்கால் வரை சேறு, சேலையெல்லாம் ஈரம்.

"மலையிலருந்து வர்றேண்ணே," என்றார். "எங்க ஏலத்தோட்டத்துக்குப் போற பாதைய, பக்கத்துத் தோட்டக்காரரு வேலி போட்டு அடைச்சுட்டாரு. ஆறு வருசமா கேசு. பச்சை ஏலக்காயைத் தலச்சுமையா ஓடையச் சுத்தித் தூக்கிட்டுப் போறோம். உலர்த்துற எடத்துக்குப் போறதுக்குள்ள பாதி வீணாப் போகுது. இன்னைக்கு அவரு கூண்டுல ஏறணும். ஏறலேன்னா தீர்ப்பு எனக்குத்தான்னு வக்கீலு சொல்லிருக்காரு."

டவாலி அந்த அம்மாவின் வழக்கைக் கூப்பிட்டார். ஈஸ்வரி முன்னே போய் நின்றார். எதிர்த்தரப்பில் வக்கீல் மட்டும்தான்.

"ஐயா, போடிமெட்டு ரோட்டில் மண்சரிவு. கட்சிக்காரர் வர முடியவில்லை. ஒரு வாய்தா..."

நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டினார். "போன தடவை இடுப்பு வலி. அதுக்கு முந்தி கல்யாணம். இதுதான் கடைசி வாய்ப்புன்னு எழுதியே வச்சிருக்கேன். வாதியும் அதே மலையிலிருந்துதானே வர்றாங்க? அவங்க மட்டும் எப்படி வந்தாங்க?"

நீதிபதி பேனாவை எடுத்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அந்த அம்மாவுக்காகச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ஐயா, ஒரு நிமிசம்."

பேசியது ஈஸ்வரி. அவருடைய வக்கீல் கையைப் பிடித்து இழுக்கிறார். ஈஸ்வரி கண்டுகொள்ளவே இல்லை.

"மண்ணு சரிஞ்சது நெசம்யா. அவரு ஜீப்பு நான் வந்த ஜீப்புக்குப் பின்னாடிதான் நிக்குது. நான் சேத்துல எறங்கி அங்கிட்டு ஏறி, கீழ ஒரு லோடு ஜீப்பைப் பிடிச்சு வந்தேன். அவருக்கு முட்டி தேஞ்சு போச்சு, எறங்க முடியாது. முந்திச் சொன்னதெல்லாம் பொய்யி. இன்னைக்குச் சொல்றது நெசம்."

ஆறு வருடம் காத்திருந்தது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்... பொய்கூடச் சொல்ல வேண்டாம். எந்த மண்ணால் செய்த மனுஷி இவர்?

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"வெரசா ஒரு தேதி போடுங்கய்யா. காய் எடுக்கிற நேரம், சோலி கெடக்கு."

நீதிபதி எதிர்த்தரப்பு வக்கீலிடம் திரும்பினார். "அடுத்த செவ்வாய். அதுவரைக்கும் வேலியைத் திறந்து வழி விடணும். சம்மதம்னா வாய்தா. இல்லேன்னா இப்பவே முடிக்கிறேன்."

"சம்மதங்கய்யா," என்றார் வக்கீல், அவசர அவசரமாக.

வாய்தா எப்போது கொடுக்கலாம் என்று சட்டப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். எனக்கு அன்று இவ்வளவுதான் புரிந்தது. மலை சரிந்தால் கொடுக்கலாம். நேர்மை சரிந்தால் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும், காத்திருக்கும் பாரத்தை வாய்தா கேட்டவன் தலையில்தான் வைக்க வேண்டும்.

அடுத்து டவாலி கூப்பிட்டது என் பெயரை. முன் வரிசையில் பக்கத்து மனைக்காரர் மஞ்சள் பையோடு எழுந்தார். ராசிங்காபுரத்திலிருந்து நான்காவது தடவையாக வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஐயா, கட்சிக்காரருக்கு வைரல் காய்ச்சல்..." என்று என் வக்கீல் ஆரம்பித்தார்.

என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு முன்னே போனேன்.

"காய்ச்சல் இல்லீங்கய்யா. நான் வந்திருக்கேன். சுவரை இடிச்சுத் தள்ளிக் கட்டிக்கிறேன்."

ஒரு வாரமாக என் வக்கீல் போனை எடுப்பதில்லை. குமாஸ்தாவிடம் கேட்டால், அவருக்கு வைரல் காய்ச்சலாம்.