என் பெயரில் வந்த மகளின் வருமானம்

வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, பாடசாலைக்கு விடுப்பெடுத்து, ஆசிரியர் குவாட்டர்ஸின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என் முதலாவது வருமான வரி விவரத்திரட்டைக் கணினியில் சமர்ப்பித்தேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று திரையில் வந்தது. அதற்குக் கீழே நான் செலுத்த வேண்டிய தொகையும் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். தொகை மாறவில்லை.

நான் இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியை. விவரத்திரட்டு என்பது கடைக்காரருக்கும் டாக்டருக்கும் உரியது என்று பல வருடங்களாக நினைத்திருந்தேன். பிறகு வங்கியில் என் நிலையான வைப்பின் வட்டியில் ஒரு பங்கை வரியாகப் பிடித்தார்கள். அது அதிகமா, சரியா என்று தெரிய வேண்டுமென்றால் விவரத்திரட்டுக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். வரி இலக்கம் ஒன்று எடுத்தேன். விளக்கக் குறிப்பைப் பாடநூல் போல இரண்டு முறை படித்தேன்.

முறை கடினமானதல்ல. வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி அடுத்த மார்ச்சில் முடிகிறது. நவம்பர் முடிவதற்குள் விவரத்திரட்டைக் கொடுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் வந்த வருமானத்தையெல்லாம் கூட்டி, எல்லாருக்கும் பொதுவாக விட்டுக்கொடுக்கும் தொகையைக் கழித்து, மிச்சத்துக்கு வரி பார்க்க வேண்டும். சம்பளத்திலோ வட்டியிலோ முன்னமே பிடித்த வரி இருந்தால், அதை இந்த வரியிலிருந்து கழிக்க வேண்டும். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செய்துவிடுவார்கள். நான் பிழைவிட்டது கணக்கில் அல்ல.

எனக்கு ஒரே மகள். அவளுடைய அப்பா இறந்த பிறகு நாங்கள் இருவர்தான். படிப்பு முடிந்ததிலிருந்து வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு விளம்பரப் படங்கள் வரைந்து கொடுக்கிறாள். தேயிலை மலையைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் வேலை. அந்தப் பணம் ஆரம்பத்திலிருந்தே என் வங்கிக் கணக்குக்குத்தான் வந்தது. அது எங்களுக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை. எங்கள் தோட்டத்தில் உழைக்கிற பிள்ளை சம்பளத்தைப் பெற்றவர் கையில் கொடுக்கும். கொழும்புக் கடையில் நிற்கிற பையன்கூட மாதம் முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பஸ் காசுக்கு வீட்டிலேயே கேட்பான். என் அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்த சம்பளத்தை அப்பாதான் போய்க் கைநீட்டி வாங்குவார். ஒரு வீட்டுக்கு ஒரு கை. அதனால் 'உமது வருமானம்' என்றிருந்த இடத்தில் என் கணக்குக்கு வந்த எல்லாவற்றையும் எழுதினேன். நேர்மையாக எழுதுவதாகவே நினைத்தேன்.

மகள் அப்போது கொழும்பில் இருந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் அவளுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. விசா வேலையாகப் போயிருந்தாள். தொலைபேசியில் அழைத்தேன்.

"புள்ள, போட்டு முடிச்சிட்டேன். ஆனா வரி மல மாதிரி காட்டுது."

"உங்க சம்பளத்துக்கா? அப்பிடி என்னா எழுதினீங்க?"

"உள்ளதத்தான் எழுதினேன். சம்பளம், வட்டி, பொறகு படம் வரையிற காசு."

பஸ் ஹோர்ன் சத்தத்திலிருந்து அவள் தள்ளிப் போவது கேட்டது.

"அம்மா, நீங்க எப்ப இருந்து படம் வரையிறீங்க?"

சிரிக்கிறாளா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். சிரிக்கவில்லை.

"விசாவுக்கு நான் சொந்தமா உழைக்கிறேன்னு காட்டணும், அதுக்கு என் பேர்ல வரி ரிட்டர்ன் கொப்பி கேக்குறாங்கன்னு போன வாரம்தானே சொன்னேன்? இப்ப கவர்மெண்டு கணக்குல படம் வரையிறது நீங்க. நான் வீட்டுல குந்திக்கிட்டு ரொட்டி திங்கிறேன். வர்ற வாரம் விசா பைல் குடுக்கணும்மா. இல்லாட்டி இந்த வருசம் போச்சு."

இதைச் சொல்லும்போது அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தலவாக்கலையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரைத் தேடிப் போனேன். எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். அவருடைய பிள்ளைகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். வருடந்தோறும் விவரத்திரட்டுப் போடுகிறவர் என்று எனக்குத் தெரிந்தவர் அவர் மட்டும்தான். ஆணி நிறுத்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"இதுக்கா டீச்சர் மொகம் இப்பிடிக் காஞ்சி போயீக்கி? நான் மொத வருசம் ஊட்டுக்காரிட நகையையும் கடச் சரக்கோட சேத்து எழுதினேன். இன்னைக்கும் சோறு போடக்கொள்ள அதச் செல்லிக் காட்டுறா."

"திருத்தலாமா நானா?"

"திருத்தலாம். பிழையப் பிழைன்னு நீங்களே போய்ச் செல்லோணும். கண்டி ஆபீசுக்குப் போங்க. மகளையும் அங்க வரச் செல்லுங்க. கம்பெனியோட அவ செஞ்ச ஒப்பந்தம் ஈக்கும்தானே, அதக் கொண்டுவரட்டும்."

மகளுக்கு அதைச் சொன்னேன். திங்கட்கிழமை காலை ரயிலில் கண்டிக்கு வருவதாகச் சொன்னாள்.

நான் பஸ்ஸில் போனேன். நுவரெலியா தாண்டி இறம்பொடை இறக்கத்தில் வண்டி மூடுபனிக்குள் ஊர்ந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. திருத்தாமல் விட்டால் என்ன? வைப்பை உடைத்து வரியைக் கட்டிவிடலாம். மகள் இந்த வருடம் போக மாட்டாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வரைவாள். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, தெரியாமல் விட்ட பிழைதானே. இறக்கம் முடிகிற வரைக்கும் அந்த யோசனை என்னோடு வந்தது. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

மகளின் ரயில் வழியில் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. கண்டி வரி அலுவலகத்தில் அவள் வருவதற்கு முன்பே என் முறை வந்துவிட்டது. அலுவலர் என் வயதுள்ள பெண். பேச்சு யாழ்ப்பாணத்துப் பேச்சு. என் விவரத்திரட்டைத் திரையில் எடுத்துப் பார்த்தார்.

"இதில தொழில் வருமானம் எண்டு போட்டிருக்கிறீங்கள். ரீச்சர் வேலையோட வேற என்ன தொழில் செய்யிறீங்கள்?"

"மகள் படம் வரையிறாங்க."

"மகள் என்ன செய்யிறா எண்டு நான் கேக்கேல்லை, அம்மா."

"காசு என் கணக்குக்குத்தாங்க வருது."

"ஆற்ற கணக்குக்கும் வரட்டும். ஆர் உழைச்சது? நீங்களோ, மகளோ?"

எளிய கேள்வி. பதில் எனக்குத் தெரியும். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. தேநீர்க் கோப்பையின் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி மூடி வைத்தார்.

"மகள் உழைச்சதுங்க" என்றேன்.

"அப்ப அதை எழுத்தில தாங்கோ. மகள் தன்ர விவரத்திரட்டைத் தன்ர இலக்கத்தில இண்டைக்கே போடலாம். அந்தப் பிரதியை விசாவுக்குக் குடுக்கலாம். உங்கட திருத்தத்தைப் பாத்து முடிக்க நாளெடுக்கும், அது வேற. ஆனா அவவின்ர ஒப்பந்தம் இல்லாமல் இந்தக் கடிதம் நிக்காது. அவ வரவேணும்."

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதினேன். ஆயிரம் கடிதங்கள் எழுதிய கைதான். 'எனது கணக்கில் வைப்பிலிடப்பட்ட மேற்படி பணம் எனது மகளின் உழைப்பால் வந்ததாகும். அது எனது வருமானம் அன்று.' இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே பேனையை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்தேன். பிறகு திறந்து மற்றதையும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

மதிய இடைவேளை முடிந்து கதவு திறந்தபோது மகள் வந்தாள். முதுகில் பை, கையில் நெகிழி உறைக்குள் ஒப்பந்தம், ரயிலில் நின்றே வந்த களைப்பு. கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு அதை ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வர்ற மாசத்துல இருந்து காசு என் கணக்குக்கு வரும்மா" என்றாள். "ஒங்களுக்கு வேணும்னா தாறேன். ஆனா நீங்க கேக்கணும்."